பம்ப்செட் எஞ்சினில் மூன்றாவது பேக்கிங்கும் ஒழுகுகிறது, எங்கே தப்பு?

அருமனை வாழை:

எல்லோருக்கும் வணக்கம். அருமனைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாழை இருக்கிறது. மட்டியும் ஏத்தனும் கலந்து போட்டிருக்கிறோம். கீழே ஓடும் ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்ற 5.5 எச்.பி. பெட்ரோல் எஞ்சின் பூட்டிய 2 இஞ்ச் பம்ப் வைத்திருக்கிறேன். 168எஃப் வகை எஞ்சின், ஆறு வருடப் பழசு.

போன மாதம், எஞ்சினும் பம்பும் சேரும் இடத்தில் சைடு கவரின் அடியில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். கவரின் இடுக்கை அடைக்கும் பேப்பர் பேக்கிங்கை மாற்றித் தந்தார்கள், நாலு நாள் தாங்கியது. திரும்பக் கொண்டுபோனேன். இந்தத் தடவை பேக்கிங்கின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் அப்பிப் போட்டார்கள், பத்து நாள் தாங்கியது. மூன்றாவது தடவை நானே பிரித்து, புதுப் பேக்கிங் போட்டு, கை வலிக்க முறுக்கினேன். இரண்டு மணி நேரம் ஓடியதும் பழையபடி சொட்டு.

நாலு மணி நேரம் ஓட்டினால் கிட்டத்தட்ட 100 மில்லி குறைகிறது. மொத்தமே 600 மில்லிதான் பிடிக்கும். கும்பம், மீனம் (மாசி, பங்குனி) மாதத்தில் தண்ணீர் தவறினால் குலை சிறுத்துப் போகும். அதைவிட மனசுக்குக் கஷ்டம், ஓடையில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறது. கீழே ஆட்கள் குளிக்கிற ஓடை அது.

நல்ல கம்பெனி பேக்கிங் எது என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, நாலாவது பேக்கிங் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். மார்த்தாண்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சின்ன எஞ்சின் வேலைதான் பார்த்தேன். ஒரே இடத்தில் மூன்று பேக்கிங் தோற்றால், குற்றம் பேக்கிங்கில் இருப்பது அபூர்வம். ஒன்று, அது உட்காரும் முகம் சரியில்லை. இல்லையென்றால், உள்ளேயிருந்து ஏதோ அதைத் தள்ளுகிறது.

பிரிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு கசிவு இருக்கும் பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள். அப்புறம் பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் மெல்லிய பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், அதனால்தான் இரண்டாவது துடைப்பு. நன்றாகக் காய்ந்து பெட்ரோல் வாசனை போனதும் முகத்துக்குப் போடும் பவுடரை அந்தப் பக்கம் முழுக்கத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். பவுடர் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ அதுதான் ஊற்றுக்கண். எண்ணெய் எப்போதும் கீழே வந்துதான் சொட்டும். விசிறிக் காற்று வேறு அதை இழுத்துக்கொண்டு போகும். எஞ்சின் தலையில் வால்வுகளை மூடும் ராக்கர் கவரில் கசிந்து சைடு கவரில் சொட்டிய எஞ்சின்கள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன.

கூடவே மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ராக்கர் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் சின்ன ரப்பர் டியூப், அதாவது பிரீதர், எப்படி இருக்கிறது? அளவுக்குச்சியில் எண்ணெய் எவ்வளவு நிற்கிறது, அதில் பெட்ரோல் வாசனை அடிக்கிறதா? எண்ணெய் ஊற்றும்போது எஞ்சின் சமமான தரையில் இருந்ததா?

தக்கலை புல்லட்:

அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பேப்பர் பேக்கிங்கையே தூக்கிப் போட்டுவிட்டு, ஆர்.டி.வி. சிலிக்கான் பேஸ்ட்டை நல்ல தடியாக இழுத்து மூடிவிடலாம். என் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் கிளட்ச் கவர் வருடக்கணக்கில் ஒழுகியது. அனபாண்ட் என்ற சிலிக்கான் பேஸ்ட் போட்ட நாளிலிருந்து வீட்டு முற்றத்தில் ஒரு சொட்டு இல்லை.

குலசேகரம் ரப்பர்:

தம்பி, தயவுசெய்து அவருக்கு அந்த யோசனை சொல்லாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் களை வெட்ட 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் இருக்கிறது. அதில் எண்ணெய் மொத்தமே 100 மில்லி. இரண்டு வருடத்துக்கு முன்னால் லேசான கசிவு என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன், பேஸ்ட்டைத் தடியாக அப்பி மூடித் தந்தார்கள். வெளியே பார்த்தால் சுத்தமாக ஒட்டியிருந்தது, எனக்கும் சந்தோஷம். மூன்று வாரத்தில் எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது. வேறு ஒருவர் பிரித்துக் காட்டினார். வெளியே எவ்வளவு பேஸ்ட் பிதுங்கியிருந்ததோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கி, இடியாப்ப இழை மாதிரி அறுந்து, எண்ணெய் போகிற சிறு துளையில் போய் அடைத்திருந்தது. வெளியே பிதுங்கியதைத் துடைக்கலாம். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது?

புது எஞ்சின் விலையில் முக்கால்வாசி செலவானது. காட்டை வெட்டாமல் மழைக்காலம் முழுக்க அட்டைப்பூச்சிக் கடிக்கு நடுவே ரப்பர் பால் வெட்டினோம்.

லேத் பட்டறை:

வடசேரியில் லேத் வைத்திருக்கிறேன். அக்கா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் பேஸ்ட்டே கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எதற்கு எது என்பதில்தான் விஷயம்.

பேப்பர் பேக்கிங் போடும்படி கம்பெனி வடிவமைத்த இணைப்புக்குப் பேப்பர்தான். அந்தத் தடிமனைக் கணக்கில் வைத்துத்தான் உள்ளே பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பக்க ஆட்டத்தையே முடிவு செய்திருப்பார்கள். பேப்பரை எடுத்துவிட்டுப் பேஸ்ட் மட்டும் போட்டால் கவர் உள்ளே நகர்ந்து, ஷாஃப்ட் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பழைய பிரிக்ஸ் கம்பெனி எஞ்சின்களுக்கு இந்தப் பேக்கிங் 0.015, 0.009, 0.005 இஞ்ச் என்று மூன்று தடிமனில் வந்ததே இந்தப் பக்க ஆட்டத்தைச் சரிக்கட்டத்தான்.

பேக்கிங்கே இல்லாமல் இரும்போடு இரும்பு, அலுமினியத்தோடு அலுமினியம் சேரும்படி கடைந்த முகங்கள் சில எஞ்சினில் இருக்கும். அங்கே லாக்டைட் 518 மாதிரியான பசை. காற்று படாத இடத்தில்தான் அது இறுகும், அதனால் பிதுங்கியது இறுகாமல் எண்ணெயோடு கரைந்து போய்விடும். கால் மில்லிமீட்டர் இடைவெளி வரைக்கும்தான் அது தாங்கும். தகரம் அடித்துச் செய்த மூடி, சற்று வளைகிற மூடி, இவற்றுக்கு ஆர்.டி.வி. சரி. அதுவும் நெல்மணி அகலத்துக்கு ஒரே ஒரு கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாகச் சுற்றி வர வேண்டும்.

ஆர்.டி.வி. காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைநாளில் சீக்கிரமே ஆடை கட்டிவிடும். ஆடை கட்டிய பிறகு கவரை வைத்தால் ஒட்டாது. பழைய சிலிக்கான் மேல் புதுசும் ஒட்டாது, ஒரு துணுக்கு விடாமல் எடுத்துவிட வேண்டும்.

அருமனை வாழை:

அண்ணாச்சி, பவுடர் போட்டுப் பார்த்தேன். இரண்டு இடத்தில் நனைந்திருக்கிறது. ஒன்று, சைடு கவரின் கீழ்ப்பக்கம், இடதுபுற போல்ட்டுக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு. இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், ஆயில் சீலைச் சுற்றியும் வளையமாக நனைந்திருக்கிறது.

அப்புறம், பிரீதர் டியூபைத் தேடினேன். ராக்கர் கவரிலிருந்து வருகிறது, ஆனால் ஏர் ஃபில்டருக்குப் போகவில்லை. நடுவில் வெட்டி, முனையில் ஒரு போல்ட்டைச் செருகி, கம்பி சுற்றி இறுக்கியிருக்கிறது!

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கசிவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் எண்ணெயில் ஊறி எஞ்சின் புகைந்தது. அதைச் சரிசெய்யக் கொடுத்தபோது, "எண்ணெய் வரும் வழியை அடைத்துவிட்டேன்" என்று பட்டறையில் சொன்னார்கள். நானும் சரி என்று வாங்கிவந்தேன்.

எண்ணெய் குச்சியின் மேல்கோட்டில் நிற்கிறது, பெட்ரோல் வாசனை இல்லை. சமதரை என்று கேட்டீர்கள். ஓடைக்கரை சரிவில் எஞ்சினை வைத்தபடியேதான் எப்போதும் ஊற்றுவேன், குச்சியைத் திருகி இறுக்கிப் பார்ப்பேன்.

பழைய ஸ்பேனர்:

கிடைத்துவிட்டது தம்பி. உங்கள் கதையைப் பின்னாலிருந்து முன்னால் சொல்கிறேன்.

சரிவில் வைத்து ஊற்றினீர்கள். இந்த வகை எஞ்சினில் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகினால் குச்சி ஆழமாக இறங்கி உண்மையைவிட அதிகம் காட்டும். சரிவோ, அது சாயும் பக்கத்தைப் பொறுத்து, நிறைந்த எஞ்சினையும் குறைவாகக் காட்டிவிடும். மேல்கோடு வரும்வரை ஊற்றியிருப்பீர்கள். கூடுதல் எண்ணெயைக் கிராங்க் அடித்துத் தெறிக்க, அது பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஏறியது. ஸ்பாஞ்ச் ஊறியது. அதைப் பார்த்தவர் பிரீதரை அடைத்தார். அன்றைக்கே உங்கள் சைடு கவர் பேக்கிங்குக்கு விதி முடிந்தது.

பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் அடியிலுள்ள காற்றை அமுக்குகிறது. நிமிடத்துக்கு 3600 சுற்று என்றால் நொடிக்கு அறுபது அமுக்கு. அதோடு ரிங் இடுக்கு வழியாக எரிந்த வாயுவும் கொஞ்சம் கீழே வரும், எந்த நல்ல எஞ்சினிலும் வரும். இதெல்லாம் வெளியேறத்தான் பிரீதர். உள்ளே ஒரு மெல்லிய தகடு வால்வாக இருந்து காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. அதனால் கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறாமல் நிற்கிறது. வழியை அடைத்தால் அழுத்தம் எங்கே போகும்? எது மெலிந்ததோ அதைத் தள்ளிக்கொண்டு வரும். பேக்கிங்கும் சீலும் ஒரே நேரத்தில் நனைந்திருப்பதே சாட்சி. இரண்டும் ஒரே நாளில் கிழடாகிவிடாது.

முதல் வேலை, அந்தப் போல்ட்டைப் பிடுங்கிப் புது டியூப் போட்டு ஏர் ஃபில்டரில் சேருங்கள். ராக்கர் கவரைக் கழற்றி பிரீதர் வழியைக் கழுவி ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று போக வேண்டும், மறுபக்கம் அடைக்க வேண்டும். எண்ணெயைச் சமதரையில் சரியான அளவுக்கு இறக்குங்கள். இவ்வளவு செய்து மறுபடியும் பவுடர் போட்டு ஓட்டுங்கள். பேக்கிங்கைத் தொடவே தேவையில்லாமல் போகலாம்.

குளச்சல் வள்ளம்:

இதைப் படித்தபோது கடல் பக்கத்திலும் இதே கதைதான் என்று தோன்றியது. எங்கள் வள்ளத்தில் மண்ணெண்ணெய் ஓ.பி.எம்., அதாவது வள்ளத்தின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார், டூ ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் பேக்கிங் விட்டுப்போனால் எண்ணெய் சொட்டுவது பெரிய விஷயமில்லை, வெளிக்காற்று உள்ளே இழுக்கும். கலவை மெலியும், பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். கரையிலிருந்து பத்து கடல் மைல் தள்ளி அது நடந்தால் என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் எங்களுக்குப் பேக்கிங் என்பது உயிர்ப் பிரச்சினை.

கீழே புரொபெல்லர் கியர் பெட்டியில் 90 நம்பர் எண்ணெய். வடிக்கும்போது பால் நிறமாக வந்தால் கடல்நீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். முக்கால்வாசி நேரம் இரண்டே காரணம்தான். வடிகால் ஸ்குரூவின் வாஷரை மாற்றாமல் பழசையே போட்டது ஒன்று. ஷாஃப்ட்டில் தங்கூசி எனும் நைலான் மீன்பிடி நரம்பு சுற்றி ஆயில் சீலை அறுத்தது இன்னொன்று. வாஷர் ஒரு தடவை நசுங்கினால் அவ்வளவுதான், திரும்பத் திறக்கும்போதெல்லாம் புதுசு போடுங்கள். புரொபெல்லரைக் கழற்றி நரம்பு இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை பாருங்கள். எண்ணெயைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்றி, மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் முதலில் மேல் ஸ்குரூவை மூடி, பிறகு கீழே மூட வேண்டும்.

உப்புக்காற்றில் அலுமினிய முகம் வெள்ளையாகப் பொரிந்து குழி விழும். அந்தக் குழியில் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் கிரீஸ் தடவாமல் அலுமினியத்தில் முறுக்கினால் ஒட்டிப்பிடித்து, கழற்றும்போது மரையோடு வரும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை பெரிய படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது பட்டறைகளில் கூட்டம் அலைமோதும், அவசர வேலையும் நடக்கும். முடிந்தால் அதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

அருமனை வாழை:

பிரீதரைத் திறந்து, எண்ணெயைச் சரியாக்கி மூன்று நாள் ஓட்டினேன். உள்ளே எண்ணெய் 150 மில்லிக்கு மேல் கூடுதலாக இருந்தது, எனக்கே அதிர்ச்சி. ஆயில் சீல் பக்கம் இப்போது பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது! சைடு கவரின் கீழ் போல்ட் பக்கம் மட்டும் இன்னும் ஈரம் கட்டுகிறது, ஆனால் சொட்டு விழவில்லை.

அந்த இடத்தில் நகம் வைத்துப் பார்த்தால் விளிம்பில் ஒரு வெட்டு தட்டுப்படுகிறது. மூன்றாவது தடவை நான் ஸ்குரூ டிரைவரைச் செருகித்தான் கவரை நெம்பினேன். அங்கேதான்.

அப்படியானால் இன்னொரு தடவை பிரிக்கத்தான் வேண்டும். இந்தத் தடவை முறையாகச் செய்ய வேண்டும். எப்படி என்று ஆரம்பத்திலிருந்து சொல்லித் தருவீர்களா அண்ணாச்சி?

பழைய ஸ்பேனர்:

சொல்கிறேன், அவசரப்படாமல் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி எண்ணெயை ஒரு பாட்டிலில் வடியுங்கள். பெட்ரோலை மூடி டாங்கையும் காலி செய்யுங்கள். பிளக் தொப்பியைக் கழற்றி வையுங்கள். பம்ப் கூட்டைக் கழற்றினால் இம்பெல்லர் ஷாஃப்ட்டில் மரையேறி இருக்கும். அதைத் திருக எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும் என்று விசிறி இதழில் கம்பி செருகாதீர்கள், இதழ் உடையும்.

பிறகு எஞ்சினைப் பலகைக் கட்டை மேல் ஷாஃப்ட் வானத்தைப் பார்க்கும்படி படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்து வேலை பார்த்தால், நீங்கள் முகத்தைத் துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கும். ஆறு போல்ட்டையும் எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். கவர் வரவில்லை என்றால் மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவர் வேண்டாம், அதன் பலனைப் பார்த்துவிட்டீர்கள்.

பழைய பேப்பரைச் சுரண்ட இரும்பு எடுக்காதீர்கள். மூங்கில் தப்பையையோ கமுகுத் தப்பையையோ உளிபோலச் சீவிக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் அரைமணி ஊறவைத்தால் பேப்பர் இளகும். உள்ளே துணுக்கு விழாமல் பழந்துணியால் மூடிக்கொண்டு சுரண்டுங்கள். கடைசியில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடைக்க வேண்டும்.

போல்ட் ஓட்டைகளை மறந்துவிடாதீர்கள், நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். அடி மூடிய ஓட்டையில் எண்ணெய் தேங்கியிருந்தால் போல்ட் அதன்மேல் போய் நிற்கும். கைக்கு இறுகிய மாதிரி இருக்கும், கவர் இறுகியிருக்காது. அடியிலேயே வார்ப்பு வெடித்தாலும் வெடிக்கும். குச்சியில் பஞ்சு சுற்றி ஒவ்வொரு ஓட்டையையும் உலர்த்துங்கள்.

இவ்வளவு தூரம் பிரித்தாயிற்று, சீலையும் மாற்றிவிடுங்கள். பழசின் மேலே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் எழுதியிருக்கும், அதைக் கொண்டுபோய் வாங்குங்கள். ஸ்பிரிங் இருக்கும் உதடு எண்ணெய்ப் பக்கம் பார்க்க வேண்டும். அதே விட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சாயாமல் தட்டி இறக்குங்கள். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். ஷாஃப்ட்டின் மரை மேல் டேப் சுற்றிக்கொண்டு கவரை நுழையுங்கள், இல்லையென்றால் புதுச் சீலை மரையே கீறிவிடும்.

கவரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பல்சக்கரம் இருக்கிறது, உள்ளே வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் நிற்கிறது. கேம் வெளியே வந்துவிட்டால், கேம், கிராங்க் இரண்டின் பல்சக்கரத்திலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் வரும்படி திரும்ப வையுங்கள். கவர் கையாலேயே முழுதாக உட்கார வேண்டும். கடைசி சில மில்லிமீட்டர் நின்றால் ஷாஃப்ட்டை லேசாகத் திருப்புங்கள், பல் சேர்ந்ததும் தானாக இறங்கும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கக் கூடாது, கவர்னர் பல் நொறுங்கும். கவரைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின் இரண்டும் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங் காய்ந்தபடியே போடலாம். நழுவாமல் நிற்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் விரல் நுனியில் தொட்ட கிரீஸ் போதும்.

லேத் பட்டறை:

அண்ணாச்சி விட்டதை நான் சேர்க்கிறேன். அந்த வெட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். முகத்தின் நீளவாக்கில் இருந்தால் பயமில்லை. உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்குக் குறுக்கே போனால் அது எண்ணெய்க்கு வாய்க்கால். உயர்ந்து நிற்கும் பிசிறை மட்டும் நைஸ் அரத்தால் சமன் செய்யுங்கள், பள்ளத்துக்காக முகம் முழுவதையும் தேய்க்காதீர்கள். பள்ளத்தில் மட்டும் இரும்புத்தூள் எப்பாக்ஸி வைத்து, ஒரு நாள் காய்ந்த பிறகு சமமாகத் தேய்த்துவிடுங்கள்.

பிறகு நேர்விளிம்பு ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜின் மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு நுழையவில்லை என்றால் நல்ல முகம். 0.1 நுழைந்தால் கவர் வளைந்திருக்கிறது. கண்ணாடிப் பலகையில் 220 நம்பர், அப்புறம் 400 நம்பர் நீர்த்தாள் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் டவல் பின்னையும் பேரிங்கையும் எடுத்துவிடுங்கள், தேய்த்த பிறகு சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவுங்கள். ஒரு மணல் துகள் பேரிங்கில் போனால் கசிவைவிடப் பெரிய செலவு.

அடுத்தது முறுக்கு. கை வலிக்க முறுக்கியதாகச் சொன்னீர்கள். அதிலேயே பாதி பேக்கிங் செத்திருக்கும். அதிகமாக முறுக்கினால் போல்ட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் நசுங்கிக் கிழியும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் கவர் வில்லாகத் தூக்கும். இந்த எஞ்சினின் 8 மி.மீ. போல்ட்டுக்கு 24 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், மீன் எடை போடும் கொக்கித் தராசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 12 நம்பர் ஸ்பேனரில் போல்ட் மையத்திலிருந்து 16 சென்டிமீட்டர் தள்ளிக் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 15 கிலோ காட்டினால் ஏறக்குறைய 24 நியூட்டன் மீட்டர். ஒரேயடியாகப் போகாமல் முதல் சுற்று 5 கிலோ, இரண்டாவது 10, மூன்றாவது 15. எப்போதும் எதிரெதிர் போல்ட்.

நாஞ்சில் டில்லர்:

எங்களுக்குப் பவர் டில்லர். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்; கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூ நடவுக்கு இடையில் கிடைக்கும் சில நாளில்தான் எஞ்சின் வேலை. ஊரில் எல்லா மாடலுக்கும் பேக்கிங் கிடைக்காது, ஷீட் வாங்கி வெட்டிக்கொள்வோம். அது பற்றி இரண்டு வார்த்தை.

கவர் மேல் ஷீட்டை வைத்து, விளிம்பில் சுத்தியால் தட்டித் தட்டி வெட்டுவது நம் ஊர் வழக்கம். வார்ப்பிரும்பில் பரவாயில்லை. அலுமினியத்தில் தட்டினால் விளிம்பு மழுங்கும், பேக்கிங் பிடிக்கும் அகலம் குறையும். கவரின் முகத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசி ஷீட்டில் முத்திரை மாதிரிப் பதித்து, அந்த அச்சைக் கத்தரியால் வெட்டுங்கள். போல்ட் ஓட்டைக்குக் குழாய்த் துண்டின் வாயைக் கூராக்கிப் பஞ்ச் செய்யலாம். கத்தியால் வெட்டிய ஓட்டையின் மூலையில்தான் கிழிசல் தொடங்கும். தடிமனை மட்டும் பழசை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது நசுங்கியது. புதுசின் அளவைக் கடையில் மைக்ரோமீட்டரில் பார்த்து வாங்குங்கள்.

ஆணியில் தொங்கவிட்ட பேக்கிங் வாங்காதீர்கள். ஈரத்தில் ஊறி, வெயிலில் சுருங்கி, ஓட்டைகள் இடம் மாறியிருக்கும். வீட்டில் இரண்டு பிளைவுட் துண்டுக்கு நடுவில் படுக்க வைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

தக்கலை புல்லட்:

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம் மட்டும். அப்படியென்றால் என் கிளட்ச் கவரில் நான் போட்ட அனபாண்ட்டும் தப்பா? அது மூன்று வருடமாக நிற்கிறதே.

பழைய ஸ்பேனர்:

தப்பில்லை தம்பி. பழைய புல்லட்டின் அந்தக் கவர் ஒரே ஒரு நடு நட்டில் நிற்பது, சுற்றிலும் ரப்பர். ஓரத்தில் அழுத்தம் ஒரே மாதிரி விழாது, நட்டை அதிகம் முறுக்கினால் கவரே வளையும். அங்கே மெல்லிய பேஸ்ட் ரப்பருக்குத் துணை நிற்கும். உள்ளே ஷாஃப்ட் ஆட்டத்தை முடிவு செய்யும் கவரும் இல்லை அது. ஆனால் என்ஃபீல்டிலும் பிரீதர் குழாயை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அருமனை வாழை:

செய்து முடித்தேன். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பிரித்தது, மறுநாள் மூடும்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. வெட்டு குறுக்கேதான் போயிருந்தது. எப்பாக்ஸி வைத்துத் தேய்க்க ஒரு நாள் கூடுதலாக எடுத்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 0.05 நுழையவில்லை, கண்ணாடி வேலை தேவைப்படவில்லை. இரண்டு போல்ட் ஓட்டையில் எண்ணெய் தேங்கியிருந்தது, அண்ணாச்சி சொல்லாவிட்டால் கண்டிப்பாக விட்டிருப்பேன். ஒரு டவல் பின்னைக் காணவில்லை! ஏதோ ஒரு பட்டறையில் விழுந்திருக்க வேண்டும். பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டேன்.

தராசு வைத்து முறுக்கியபோதுதான் தெரிந்தது, 15 கிலோ என்பது நான் முன்பு இழுத்ததில் பாதிகூட இல்லை. கையை அங்கே நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு மணி நேரம் ஓட்டி, முழுக்க ஆறிய பிறகு அதே அளவில் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு போல்ட் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது.

இன்றோடு பதினெட்டு நாள், தினமும் மூன்று நாலு மணி நேரம். பவுடர் வெள்ளையாக இருக்கிறது. எண்ணெய் குச்சியில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஓடைக்கரையில் மண்ணை வெட்டிச் சமன் செய்து, நாலு கருங்கல் பதித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து எஞ்சினுக்கு ஒரு மேடை போட்டிருக்கிறேன்.

ஒரு கேள்வி பாக்கி. வடித்த எண்ணெய் இரண்டு லிட்டர் கேனில் இருக்கிறது. தோட்டத்தில் ஊற்ற மனசு வரவில்லை. என்ன செய்வது?

குலசேகரம் ரப்பர்:

ஊற்றவே ஊற்றாதீர்கள். பைக் சர்வீஸ் செய்யும் பெரிய பட்டறைகளில் பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் கொடுப்பார்கள். நான் எனக்குத் தெரிந்த பட்டறையில் கேனோடு கொடுத்துவிட்டு, காலிக் கேனைத் திரும்ப வாங்கிக்கொள்வேன். தின்னர், பெட்ரோல் கலந்ததைத் தனியாக வையுங்கள், ஒன்றாக ஊற்றினால் அவர்கள் வாங்க மாட்டார்கள்.

அப்புறம் தம்பி, அந்தக் கொக்கித் தராசு எந்தக் கடையில் வாங்கினீர்கள்? என் பிரஷ் கட்டருக்கு 6 மி.மீ. போல்ட், 10 நியூட்டன் மீட்டர்தான். அவ்வளவு சிறிய எடையைச் சரியாகக் காட்டுமா?

அருமனை வாழை:

வீட்டில் இருந்த 25 கிலோ தராசுதான் அக்கா. 10 நியூட்டன் மீட்டர் என்றால் 16 சென்டிமீட்டரில் ஆறே கால் கிலோ வருகிறது, அதில் கால் கிலோவைப் படிப்பது கஷ்டம். 10 கிலோ தராசாக வாங்குங்கள். அல்லது ஸ்பேனரில் 10 சென்டிமீட்டர் தள்ளி மாட்டினால் பத்து கிலோ வரும், என் தராசிலேயே படித்துவிடலாம். வேண்டுமென்றால் சந்தைக்கு வரும் நாளில் கொண்டுவந்து தருகிறேன்.